சிகரம் எங்கும் ஓடிவிடாது

ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைப்பது, மார்க்கெட்டுக்குப் போவது, மத்தியானம் ஒரு தூக்கம், சாயங்காலம் ஒரு சினிமா என்று இருந்த வழக்கம் மும்பைத் தமிழ் இளைஞர்களிடையே கொஞ்சம் கொஞ்சமாக மாறி வருகிறது. தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் கல்யாணிலிருந்தும் பத்துப் பேர், இருபது பேர் என்று சேர்ந்துகொண்டு மலை ஏறப் போகிறார்கள். பட்டறையில் வேலை செய்பவர், பாங்கில் எழுதுகிறவர், லாரி ஆபீஸில் கணக்குப் பார்ப்பவர் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

இது நல்ல வழக்கம். ஆறு நாளும் லோக்கல் ரயிலில் நசுங்கி, பத்துக்குப் பத்து அறையில் முடங்கிக் கிடக்கும் உடம்புக்கு மலைக்காற்று பெரிய மருந்து. சீட்டாட்டத்திலும் மதுக்கடையிலும் கரையும் காசோடு ஒப்பிட்டால் செலவும் குறைவு. மலை ஏறுவது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று யாரும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

ஆனால், போகிற விதம்தான் சரியில்லை. கூட்டமாகப் புறப்படுகிறவர்கள் கூட்டமாக ஏறுவதில்லை. கூட்டமாக இறங்குவதும் இல்லை. இந்தக் குறையைத் திருத்திக்கொள்ளாவிட்டால், ஒரு நல்ல வழக்கம் சில குடும்பங்களின் கண்ணீரில் முடிந்துவிடும்.

கல்சுபாய்

மும்பைக்காரர்கள் அதிகம் நாடும் மலைகளில் ஒன்று கல்சுபாய். மராட்டிய மாநிலத்திலேயே உயர்ந்த சிகரம் இதுதான். உயரம் 1,646 மீட்டர், அடிக்கணக்கில் 5,400. முன்பு அகமத்நகர் என்றும் இப்போது அகில்யாநகர் என்றும் வழங்கும் மாவட்டத்தில், அகோலே தாலுகாவில் இருக்கிறது. அடிவாரத்தில் பாரி என்ற சிற்றூர். லோக்கல் ரயில் கசாராவோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து ஜீப் பிடித்துக் கணவாய் ஏறி, கோட்டி வழியாகப் பாரி போய்ச் சேர வேண்டும்.

உச்சியில் கல்சுபாய் அம்மனுக்கு ஒரு சிறு கோயில். வானம் தெளிவாக இருந்தால் ஒருபுறம் பண்டாரதரா அணையின் நீர்ப்பரப்பு தெரியும். இன்னொருபுறம் அலங், மதன், குலங் என்ற மூன்று கோட்டைகள் வரிசையாக நிற்பது தெரியும். அந்தக் காட்சியை ஒருமுறை கண்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

வழி முழுவதும் ஒரே மாதிரி இல்லை. வயல் வரப்பில் தொடங்குகிறது. பிறகு கல்படி, பிறகு கையையும் ஊன்றி ஏற வேண்டிய பாறை. செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணிகள் பொருத்தியிருக்கிறார்கள். மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஏணிகளின் அடியில், ரேஷன் கடை போல வரிசை நிற்கிறது.

"ஐயாயிரம் அடிதானே! ஊட்டி பஸ் நிலையம் இதைவிட உயரத்தில் இருக்கிறதே!" என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. கணக்கு சரிதான். ஆனால் ஊட்டிக்கு பஸ் போகிறது. கல்சுபாய்க்குக் கால்தான் போக வேண்டும். பாரியிலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 2,700 அடி ஏற்றம். பத்தடிக்கு ஒரு மாடி என்று வைத்துக்கொண்டால், லிஃப்ட் இல்லாத 270 மாடிக் கட்டடம். அதையும் அன்றைக்கே இறங்க வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தப் பக்கத்துச் சகியாத்ரி மலை ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக ஓடி இறுகிய பாறை. அதனால் ஒரு செங்குத்து, ஒரு சமதளம், மறுபடி ஒரு செங்குத்து என்று படிக்கட்டு போலவே அமைந்திருக்கிறது. கீழிருந்து பார்க்கிறவனுக்கு, தெரிகிற விளிம்புதான் உச்சி என்று தோன்றும். மூச்சுவாங்க அதில் ஏறி நின்றால் அதற்குப் பின்னால் இன்னொன்று தெரியும். முதல்முறை வருகிறவன் மனம் தளர்வது இங்கேதான். அவனுக்குத் துணை தேவைப்படுவதும் இங்கேதான்.

கூட்டம் உடைவது எப்படி?

இருபது பேர் பாரியில் இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தேநீர் குடித்து, கோஷம் போட்டு, ஒன்றாகப் புறப்படுகிறார்கள். முதல் அரைமணி எல்லோரும் சேர்ந்தே நடக்கிறார்கள். முதல் ஏணி வருவதற்குள் இருபது பேர் மூன்று கூட்டமாகிவிடுகிறார்கள். இருபது வயதுப் பையன்கள் முன்னால் ஓடுகிறார்கள். அவர்களைக் கூட்டி வந்தவரும் அவர்களோடு முன்னால் போகிறார். வழி தெரிந்தவர் அவர் ஒருவர்தான்!

கடைசியில் வருவது யார்? நாற்பத்தைந்து வயதான குமாஸ்தா. வருஷம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்தவர். டாக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்திருப்பவர். அவருக்குப் பின்னால், ரப்பர் செருப்போடு வந்துவிட்ட ஒரு பையன். இருவரிடமும் தண்ணீர் தீர்ந்துவிட்டது. தண்ணீர்ப் பை முன்னால் போன கூட்டத்தோடு போய்விட்டது.

மேலே போனவர்கள் கோயில் முன்னால் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கீழே இருவர் பாறையில் உட்கார்ந்து, போவதா திரும்புவதா என்று தெரியாமல் விழிக்கிறார்கள். பாசிபிடித்த பாறையில் கால் பிசகுவதும், மூடுபனியில் தப்பான ஒற்றையடிப் பாதையில் இறங்கிவிடுவதும் இப்படிப்பட்ட நேரங்களில்தான். ஏதாவது நேர்ந்தால் முன்னால் போனவர்களுக்கு அது தெரியவே இரண்டு மணி நேரம் ஆகும். மலையின் மறைவில் செல்போனும் எல்லா இடத்திலும் எடுக்காது.

இதில் அந்த குமாஸ்தாவின் தவறு என்ன? மெதுவாக நடப்பது குற்றமா? அவரையும் சேர்த்து, அவரிடமும் பணம் வாங்கிக்கொண்டுதானே புறப்பட்டார்கள்?

கூட்டத்தின் வேகம் என்பது அதில் கடைசியாக வருகிறவரின் வேகம். முதலாவதாகப் போகிறவரின் வேகம் அல்ல. இதை ஒப்புக்கொள்ள முடியாதவர்கள் தனியாகவே போகலாம். கூட்டம் சேர்க்க வேண்டாம்.

நேரக் கணக்கு

மலை ஏறுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான நெய்ஸ்மித் என்ற மலையேறி 1892-ம் ஆண்டிலேயே அதைச் சொல்லிவைத்தார். நடக்கும் தூரத்தில் மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறும் உயரத்தில் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இந்தக் கணக்குப்படி கல்சுபாயின் ஏற்றத்துக்கு மட்டுமே ஒரு மணி இருபது நிமிடம் போகிறது. நடக்கும் தூரத்துக்கு உரிய நேரம் தனி. அதுவும் பழகிய, திடகாத்திரமான ஆளுக்கு. உட்கார்ந்து ஓய்வெடுப்பதற்கும் ஏணியடியில் வரிசை நிற்பதற்கும் அந்தக் கணக்கில் இடம் இல்லை. எல்லாத் தரத்தாரும் கலந்த கூட்டம் ஏறுவதற்கு மூன்றரை, நான்கு மணி நேரம் வேண்டும். இறங்க இரண்டரை, மூன்று மணி நேரம்.

காலை ரயிலில் சாவகாசமாகக் கிளம்பி, பதினோரு மணிக்குப் பாரியில் இட்லி தேடிக்கொண்டிருக்கும் கூட்டம் எப்போது இறங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். டிசம்பரில் ஆறு மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது.

இதற்கு மாற்றாகச் சிலர் சனிக்கிழமை இரவே கிளம்பிவிடுகிறார்கள். நள்ளிரவையொட்டிப் புறப்படும் கசாரா லோக்கலைப் பிடித்து, இருட்டிலேயே ஏறி, உச்சியில் சூரிய உதயம் பார்ப்பது இப்போதைய நாகரிகம். காட்சி அழகானதுதான். ஆனால் சனிக்கிழமை ஷிஃப்டு முடித்தவன் கண் மூடாமல் ரயில் ஏறுகிறான். தூங்காமலே மலை ஏறுகிறான். வெயில் ஏறியபின் அதே தூக்கக் கலக்கத்தில் இறங்குகிறான். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது முழங்கால் நடுங்கும். கால் சறுக்குவது அப்போதுதான். இரவு முழுவதும் விழித்த டிரைவரின் லாரியில் ஏற யோசிக்கிறவர்கள், இரவு முழுவதும் விழித்த தங்கள் கால்களை நம்பி ஏணியில் இறங்குகிறார்கள்!

திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். "இத்தனை மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிடுவோம்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிந்தபின் எடுக்கும் முடிவு முடிவாகாது, அது ஆசை.

இந்த ஆசை எப்பேர்ப்பட்டவர்களையும் விட்டதில்லை. 1996-ம் ஆண்டு மே 10-ந் தேதி எவரெஸ்ட் சிகரத்தில், பிற்பகல் இரண்டு மணிக்குள் உச்சியை எட்டாதவர்கள் திரும்பிவிட வேண்டும் என்ற பேச்சு இருந்தும், பலர் அந்த நேரம் கடந்தபின்னும் ஏறிக்கொண்டே போனார்கள். இறங்கும்போது புயல் பிடித்துக்கொண்டது. எட்டுப் பேர் மாண்டார்கள். கூட்டங்களைத் தலைமை தாங்கி நடத்திச் சென்ற, உலகப் புகழ்பெற்ற இரண்டு மலையேறிகளும் அதில் அடக்கம். கல்சுபாய் எவரெஸ்ட் அல்ல. ஆனால் ஆசை அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

குரங்கணி சொல்லும் பாடம்

தமிழர்களுக்கு இதைச் சொல்ல எவரெஸ்ட் வரை போக வேண்டியதில்லை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி நடந்தது போதும். சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து விடுமுறை நாளில் மலை ஏறப் போனவர்கள், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கி வரும்போது காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டார்கள். பெண்களே அதிகம். புகையிலும் பயத்திலும் ஆளுக்கொரு திசையில் சிதறினார்கள். அங்கேயும் பிறகு ஆஸ்பத்திரியிலுமாக 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். படித்தவர்கள், உத்தியோகத்தில் இருந்தவர்கள், வாழ வேண்டிய வயதினர்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுத்தது. எங்கே போகலாம், எப்போது போகலாம், யார் அழைத்துப் போகலாம் என்பதெல்லாம் அதன்பின் சட்டப் புத்தகத்தில் ஏறின. விதி எழுதப்படுவதற்கு முன்னால் உயிர்கள் போய்விட்டன.

சகியாத்ரியிலும் மழை நின்ற சில மாதங்களில் புல் காய்ந்து சருகாகிவிடுகிறது. பிப்ரவரிக்குப் பிறகு ஒரு பீடித் துண்டு போதும். கல்சுபாய் வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்த மலை. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதை வனத்துறை ஊழியரிடமோ ஊர்க்காரரிடமோ கேட்டுப் போவதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

மழைக்காலத்தில் ஆபத்து வேறு வடிவில் வருகிறது. 2024 ஜூன் 30-ந் தேதி லோனாவளா பூஷி அணைக்குப் பக்கத்து அருவியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். முழங்கால் அளவு தண்ணீர் என்று நின்றவர்கள்தான். மேலே பெய்கிற மழை கீழே நிற்பவனுக்குத் தெரிவதில்லை.

அடிபட்டால் யார் பொறுப்பு?

தொழிலாளி இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். மாதச் சம்பள உத்தியோகஸ்தர் காலை உடைத்துக்கொண்டால் லீவு போடலாம். தினக்கூலிக்காரர் கால் உடைந்தால் அடுப்பும் அணையும்.

ஈ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கிறோமே என்று சிலர் தைரியமாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மலையில் உடைந்த கால் வேலையில் நேர்ந்த விபத்து ஆகாது. அதற்கு உரிய நஷ்டஈடு கிடைக்காது. சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் மருத்துவமும், நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரையிலும் கிடைக்கும். காண்டிராக்டரிடம் பெயர் பதியாமல் வேலை செய்கிறவருக்கு அதுவும் இல்லை. ஊரில் மணியார்டரை எதிர்பார்த்த காலம் போய், இப்போது செல்போனில் பணம் வந்து விழும் ஓசைக்குக் காத்திருக்கும் தாய்க்கு, மகன் எந்தச் சிகரத்தில் ஏறினான் என்பதால் என்ன லாபம்?

ஆகவேதான், பணம் வசூலித்து ஆள் சேர்க்கும் புதுப் பேர்வழிகளிடம் எச்சரிக்கை தேவை. செல்போனில் விளம்பரம் செய்து, ஒருவரையொருவர் அறியாத நாற்பது பேரைத் திரட்டி, வேனில் ஏற்றிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. அவர்களிடம் மூன்றே கேள்விகள் கேட்டால் போதும். இந்த வழியில் முன்பு எத்தனை முறை போயிருக்கிறீர்கள்? கடைசியில் வருபவரோடு நடக்கப் போகிறவர் யார்? எத்தனை மணிக்குத் திரும்புவோம்? பதில் தடுமாறினால் அந்தப் பணத்தை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

குருசாமி வழி

இதெல்லாம் தமிழனுக்குத் தெரியாத புதுப்பாடமா? இல்லை. மும்பையிலிருந்து கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிற கூட்டங்களைப் பார்த்தாலே போதும். கூட்டத்துக்கு ஒரு குருசாமி இருக்கிறார். பல ஆண்டுகள் மலை ஏறியவர். கன்னிச்சாமி யார், வயதானவர் யார், மூச்சிரைப்புக்காரர் யார் என்பது அவருக்குத் தெரியும். நல்ல குருசாமி முன்னால் ஓடுவதில்லை. ஏற்றத்தில் ஒருவர் உட்கார்ந்தால் அவரோடு சேர்ந்து உட்காருகிறார். புறப்படும்போது எண்ணுகிறார், ஆற்றங்கரையில் எண்ணுகிறார், பஸ்ஸில் ஏறும்போதும் எண்ணுகிறார்.

வெள்ளியங்கிரி, சதுரகிரி, பர்வதமலை என்று தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் கூட்டமாகத்தான் மலை ஏறியிருக்கிறார்கள். அங்கேயும் விபரீதம் இல்லாமல் இல்லை. 2024-ம் ஆண்டுப் பருவத்தில் வெள்ளியங்கிரி ஏறிய பக்தர்கள் பலர் மூச்சுத்திணறியும் மாரடைத்தும் வழியிலேயே உயிர்விட்டார்கள். பக்தியோடு போகிறவருக்கும் இருதயம் ஒன்றுதான். நோயுள்ளவர் டாக்டரைக் கேட்காமல் ஏறக்கூடாது என்பது எந்த மலைக்கும் பொருந்தும்.

கோயிலுக்குப் போகும்போது இருக்கிற கட்டுப்பாடு, உல்லாசத்துக்குப் போகும்போது ஏன் காணாமல் போகிறது? மாலை போடாவிட்டால் மனிதனுக்கு மனிதன் பொறுப்பில்லையா?

குருசாமி செய்வதைத்தான் கல்சுபாயிலும் செய்ய வேண்டும். அனுபவசாலிகள் இருவர் இருந்தால் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். ஒரே அனுபவசாலி என்றால் அவர் கடைசியில்தான் நடக்க வேண்டும். ஒவ்வொரு ஏணியின் மேலும் நின்று தலை எண்ண வேண்டும். தண்ணீரை ஆளுக்கு ஆள் பிரித்துத் தூக்க வேண்டும். ரப்பர் செருப்போடு வந்தவனை அடிவாரத்திலேயே நிறுத்த வேண்டும். அவன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். எத்தனை பேர் ஏறுகிறோம், எப்போது இறங்குவோம் என்று பாரியில் ஒரு கடைக்காரரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவசரத்துக்கு 112, ஆம்புலன்சுக்கு 108 என்ற எண்கள் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

"மெதுவாக நடப்பவருக்காக மற்றவர்கள் சிகரத்தை இழப்பதா?" என்று இளைஞர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்கு வழி, மலையில் பிரிவது அல்ல, அடிவாரத்திலேயே பிரிவது. வேகமாக ஏறுகிறவர்கள் ஒரு குழு, நிதானமாக ஏறுகிறவர்கள் ஒரு குழு. ஒவ்வொன்றுக்கும் வழி தெரிந்த ஒரு தலைவர். இரண்டாவது குழு பாதி மலையோடு திரும்பினாலும் அதற்கு ஒரு குறையும் இல்லை. வழி தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார் என்றால் இரண்டு குழு கிடையாது. எல்லோரும் சேர்ந்துதான் நடக்க வேண்டும்.

அது அவர்களுடைய மலை

கல்சுபாய் பற்றி அந்த வட்டாரத்தில் ஒரு செவிவழிக் கதை உண்டு. கல்சு என்ற பெண் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாளாம். பாத்திரம் துலக்கமாட்டேன், பெருக்கமாட்டேன் என்று முன்கூட்டியே நிபந்தனை சொல்லித்தான் சேர்ந்தாள். ஒருநாள் அந்த வேலைகளையே செய்யச் சொன்னதும், செய்து முடித்துவிட்டு, வீட்டை விட்டுக் கிளம்பி மலைமேல் போய்விட்டாள். அவளே அங்கே அம்மனாகிவிட்டாள் என்று ஊர் நம்புகிறது. வேலைக்காரப் பெண்ணைத் தெய்வமாக்கிய ஊர் அது. நவராத்திரியில் அங்கே திருவிழாக் கூட்டம் ஏறுகிறது.

அடிவாரத்தில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மகாதேவ் கோலி என்ற பழங்குடி மக்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்குப் பாக்ரியும் பிட்லாவும் சமைத்துக் கொடுப்பது அவர்கள்தான். வழி காட்டுவதும் அவர்கள்தான். யாராவது கால் முறிந்து விழுந்தால் முதலில் ஓடி வந்து தூக்குவதும் அவர்கள்தான். அவர்கள் கோயில் வாசலில் பாட்டில் உடைப்பதும், மலைப்பாதையில் பிளாஸ்டிக் காகிதம் இறைப்பதும், பாக்ரிக்குப் பேரம் பேசுவதும் நன்றி கெட்ட செயல். பிழைக்க வந்த மாநிலத்தில், தமிழ்க் கூட்டம் என்றால் ஒழுங்கான கூட்டம் என்று பெயர் எடுக்க இதைவிடச் சுலபமான இடம் கிடையாது. ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்தி, கேட்ட கூலியைக் கொடுத்தால் அவருக்கும் வருமானம், கூட்டத்துக்கும் பாதுகாப்பு.

தமிழ்ச் சங்கங்களும் மன்றங்களும் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் குழு அமைக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு முறை இளைஞர்களை முறையாக மலைக்கு அழைத்துப் போக ஒரு குழு அமைக்கட்டும். முதலுதவி தெரிந்த நாலு பேரைத் தயார் செய்யட்டும். சங்கத்துக்கு இதனால் பெரிய செலவு வந்துவிடாது.

மழை வலுத்தால் திரும்பலாம். ஒருவருக்கு நெஞ்சு படபடத்தால் எல்லோரும் திரும்பலாம். நேரம் ஆகிவிட்டால் உச்சிக்கு நூறடி இருக்கும்போதுகூடத் திரும்பலாம். கல்சுபாய் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயேதான் இருக்கும். எத்தனை பேர் உச்சியில் படம் எடுத்தார்கள் என்பது கேள்வி அல்ல. திங்கட்கிழமை காலையில் இருபது பேரும் அவரவர் வேலைக்குப் போனார்களா என்பதே கேள்வி.